பழைய பைபிளேனைச் சொந்தமாக வைத்துப் பறப்பவர்களுக்கு: பராமரிப்பும் மேம்படுத்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைகர் மாத், ஸ்டியர்மன், பியூக்கர் யுங்மன், ஸ்டாம்ப், வேக்கோ என்று 1930களிலும் 40களிலும் கட்டப்பட்ட இரட்டை இறக்கை விமானங்களில் பல இன்னும் பறக்கின்றன. பெரும்பாலும் சொந்தக்காரரே விமானி, அவரே பாதி மெக்கானிக். அப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது இது. துணி போர்த்திய விமானத்தில் உயிரைத் தாங்கும் பாகங்கள் எல்லாம் துணிக்கு அடியில் இருக்கின்றன. பளபளக்கும் பெயின்ட் எதையும் சொல்லாது. கீழே வரும் பதில்களில் பாதி, அந்த மறைவான இடங்களை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான். உங்கள் விமானத்தின் கையேடும் உங்கள் நாட்டு விமானத் துறையின் விதியும் இங்கே சொல்வதிலிருந்து வேறுபட்டால், அவற்றையே பின்பற்றுங்கள்.

சொந்தக்காரர் என்ற முறையில் நானே எவ்வளவு வேலை செய்யலாம்?

விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் விமான விதிகளின் 43ஆம் பகுதியில் ஒரு பட்டியல் உண்டு. டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்து இடைவெளி சரிபார்ப்பது, பேட்டரி பராமரிப்பு, லேண்டிங் கியரின் ரப்பர் கயிறுகளை மாற்றுவது, ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) தையல் தேவைப்படாத சிறு துணி ஒட்டு போன்றவற்றை உரிமம் பெற்ற விமானி தன் விமானத்தில் தானே செய்து, லாக் புக்கில் எழுதிக் கையெழுத்திடலாம். ஐரோப்பாவில் பைலட்-ஓனர் பராமரிப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பழைய ரகங்களில் பல ஐரோப்பியப் பொது விதிக்கு வெளியே, அந்தந்த நாட்டு அமைப்பின் கீழ் வருகின்றன.

பட்டியலுக்கு அப்பாற்பட்ட வேலையையும் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் நேரடி மேற்பார்வையில் செய்ய அமெரிக்க விதி இடம் தருகிறது. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். ஆண்டு ஆய்வுக்கு விமானத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கூட இருந்து மூடிகளை நீங்களே கழற்றுங்கள், நீங்களே விளக்கடித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆய்வுகளில் கூட நின்றால் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அறிவு வந்துவிடும்.

வாங்கும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காகிதத்தை. கடைசியாகத் துணி மாற்றியது எந்த ஆண்டு? அப்போது திறந்து கிடந்த சட்டத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்களா? விமானம் தரையில் சுழன்று இறக்கை முனை இடித்த வரலாறு உண்டா? எஞ்சின் பாகங்கள் எந்த அளவில் கடையப்பட்டிருக்கின்றன? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. லாக் புக்கில் சில வருடங்கள் வெறுமையாக இருந்தால் அந்த வருடங்களில் விமானம் எங்கே, எந்தக் கூரையின் கீழ் நின்றது என்று கேளுங்கள். ஓடிய விமானத்தைவிட ஈரமான கொட்டகையில் சும்மா நின்ற விமானம்தான் அதிகம் கெடும்.

அடுத்தது பாகங்கள் கிடைப்பது. ஸ்டியர்மனும் டைகர் மாத்தும் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டவை என்பதால் உதிரி பாகங்களும் தெரிந்த கைகளும் இன்னும் கிடைக்கின்றன. மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும் ரகத்தை வாங்கினால், பாகத்தைத் தேடுவதும் செய்விப்பதும் உங்கள் இன்னொரு தொழிலாகிவிடும். அதில் ஆர்வம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

துணி எத்தனை வருடம் தாங்கும்? எப்படித் தெரிந்துகொள்வது?

வருடக் கணக்கைவிட வெயில் கணக்குதான் முக்கியம். பழைய காலத்துப் பருத்தித் துணி வெளியில் நின்றால் சில வருடங்களிலேயே நைந்துவிடும். இன்றைக்குப் பெரும்பாலும் போர்த்தப்படும் பாலியெஸ்டர், ஹேங்கரில் நின்றால் பல பத்தாண்டுகள் இருக்கும். பாலியெஸ்டர் மக்காது. ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் வலுவிழக்கும். அதனால்தான் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு ஒன்று வண்ணத்துக்கு அடியில் இருக்கிறது. இரவில் இறக்கைக்கு வெளியே பிரகாசமான விளக்கைப் பிடித்து, ஆய்வுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடத்தில் வெள்ளிப் பூச்சு போதவில்லை. துணி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வலுவைச் சோதிக்க அழுத்திப் பார்க்கும் கருவிகள் உண்டு. நல்ல முதல் சோதனை அவை. ஆனால் கெட்டியான பூச்சு, நைந்த துணியையும் நல்லதாகக் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு அங்குல அகலத் துண்டை வெட்டி, பூச்சை நீக்கி, இழுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. கிரேடு ஏ பருத்தியின் புதுத் துணி வலு அங்குலத்துக்கு 80 பவுண்டு. அதில் 70 சதவீதம், அதாவது 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் பறக்கத் தகுதியில்லை. இங்கே பலர் தவறிப்போகும் ஒரு நுணுக்கம் உண்டு. பாலியெஸ்டர் புதிதாக இருக்கும்போது இதைவிட வலுவானது என்றாலும், விமானத்துக்கு ஆரம்பத்தில் விதிக்கப்பட்டது கிரேடு ஏ என்றால் அளவுகோல் அந்த 56 பவுண்டுதான். துண்டை மேற்புறத்திலிருந்து, அதுவும் அடர்நிறம் பூசிய இடத்திலிருந்து எடுங்கள். வெயில் அதிகம் வாங்கிய இடம் அதுதான்.

துணியை நானே மாற்றலாமா?

மேற்பார்வைக்கு ஆள் இருந்தால் மாற்றலாம். பொறுமையும் இடமும் உள்ளவர்களுக்கு இதைவிட மனநிறைவு தரும் வேலை இல்லை. ஆனால் முதலில் வாலில் இருக்கும் ரட்டரையோ இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஏலரானையோ போர்த்திப் பாருங்கள். நான்கு இறக்கைகளையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டவர்கள் பலர் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும். முதலாவது, ஒரு தயாரிப்பாளரின் முறையைத் தேர்ந்தெடுத்தால் பசையிலிருந்து கடைசிப் பூச்சு வரை அதையே பின்பற்றுங்கள். கலந்தால் பூச்சு உரியும், அனுமதியும் செல்லாது. இரண்டாவது, பாலியெஸ்டரை இஸ்திரிப் பெட்டியால் சுருக்கும்போது வெப்பம் முக்கியம். வழக்கமான முறைகளில் கடைசிச் சுற்று 350 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 177 செல்சியஸ். பெட்டியின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் வெப்பமானி வைத்துச் சரிபாருங்கள். அளவுக்கு மேல் சுட்டால் துணி தளரும். அளவுக்கு மேல் இழுத்தால் மெல்லிய ரிப்களே வளையும். மூன்றாவது, துணிக்குப் பூசும் நைட்ரேட் டோப் மிக எளிதில் தீப்பிடிக்கும். காய்ந்த பூச்சைத் தேய்க்கும்போது எழும் தூளும் அப்படித்தான். நைட்ரேட்டின் மேல் இன்னொரு வகை டோப்பான பியூட்டிரேட் பூசலாம், பியூட்டிரேட்டின் மேல் நைட்ரேட் பூசக் கூடாது.

துணியைப் பிரித்த நாட்களில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மூலையையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். அடுத்த இருபது, முப்பது வருடங்களுக்கு யாரும் மறுபடி அதைப் பார்க்கப் போவதில்லை.

மரத்தாலான ஸ்பாரில் என்ன கெடும்?

ஸ்பார் என்பது இறக்கையின் நீளவாட்டில் ஓடி பளுவைத் தாங்கும் முதன்மைச் சட்டம். அதைக் கெடுப்பவை மூன்று: ஈரம், பசை, நசுங்கல் விரிசல்.

ஈரம் தங்கும் இடங்கள் எல்லா விமானங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழ் இறக்கையின் பின்விளிம்பு, இறக்கை அடிப்பகுதி, உலோகப் பிடிமானங்கள் ஸ்பாரைத் தழுவும் இடம். கீழ் இறக்கையில் வடிகால் துளைகள் இருக்கும். பெயின்ட் அடித்தவர் அவற்றை அடைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ஒவ்வொரு முறை விமானத்தைக் கழுவிய பிறகும் அவற்றைப் பாருங்கள். போல்ட் துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் இரும்பும் ஈரமும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பொருள். அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது.

பசை விஷயத்தில் வயதே எதிரி. பழைய விமானங்கள் பலவற்றில் பால் புரதத்திலிருந்து செய்த கேசின் பசை பயன்பட்டது. காய்ந்திருக்கும் வரை அது நன்றாகவே பிடிக்கும். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் பொடியாகிவிடும். பிரித்த இணைப்பில் மர நார் கிழிந்திருந்தால் பசை நன்றாக இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வழுவழுப்பாக வந்தால் அந்த இணைப்பு வெறும் ஆணியில் நின்றிருக்கிறது. ஸ்டாம்ப் போன்ற விமானங்களில் உடலும் மரம் என்பதால் இந்தச் சோதனை இறக்கையோடு நிற்காது.

நசுங்கல் விரிசல்தான் மிகவும் ஏமாற்றும். ஸ்பார் திடீரென்று வளைந்தால் அமுங்கும் பக்கத்தில் நார்கள் நசுங்கி, குறுக்கே மெல்லிய கோடு விழும். வார்னிஷுக்கு அடியில் அது பென்சில் கீறல் போலத்தான் தெரியும். மேல் கீழ் இறக்கைகளை இணைக்கும் தூணான ஸ்ட்ரட்டின் பிடிமானத்துக்கு அருகிலும் வலுவூட்டிய பலகை முடியும் இடத்திலும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். கண்டால் அந்த ஸ்பாரோடு பறக்க முடியாது.

எஃகுக் குழாய் உடல் என்றால் கவலை இல்லையா?

மரத்தைவிடக் கவலை குறைவு, அவ்வளவுதான். டெயில் வீல் விமானம் வால் தாழ்ந்து நிற்கிறது. உள்ளே போன நீர் எல்லாம் உடலின் நீளவாட்டில் ஓடும் கீழ்க் குழாய்களான லாஞ்சரான்களின் பின்முனைக்கு வந்து சேரும். குழாய் உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். தட்டிப் பார்த்தால் ஓசை மாறும். கூர்முனையால் அழுத்தினால் பள்ளம் விழும். அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளப்பது இன்னும் நல்லது. குழாய்க்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடிப்பது பழைய முறை. இன்றும் அது பயன்படுகிறது.

எலிகளைச் சொல்லாமல் விடக் கூடாது. எலி மூத்திரம் எஃகையும் அலுமினியத்தையும் அரிக்கும். இறக்கைக்குள் கூடு கட்டினால் மரமும் ஊறும். வால் பக்கம் நாற்றம் வந்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள்.

பிளையிங் வயர், லேண்டிங் வயர் – எது எதைத் தாங்குகிறது? எதைக் கவனிக்க வேண்டும்?

பறக்கும்போது இறக்கைகள் மேலே போக முயலும். கீழே உடல் பக்கத்திலிருந்து மேல் இறக்கையின் வெளிப்பகுதிக்குப் போகும் பிளையிங் வயர்கள் அதைத் தாங்குகின்றன. தரையில் நிற்கும்போதும் இறங்கும்போதும் இறக்கை தொங்காமல் லேண்டிங் வயர்கள் பிடித்துக்கொள்கின்றன. பைபிளேன் இறக்கை ஒரு பாலத்தின் சட்டகம் மாதிரி. ஸ்பார், ஸ்ட்ரட், வயர் மூன்றும் சேர்ந்தால்தான் அதற்கு வலு.

வயரின் ஒரு முனையில் வலது புரி, மறுமுனையில் இடது புரி. முனைப் பிடியில் சிறு ஆய்வுத் துளை இருக்கும். மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் உள்ளே புரி தடுக்க வேண்டும். கம்பி மறுபக்கம் வந்துவிட்டால் புரி போதுமான அளவு ஏறவில்லை, பறக்கக் கூடாது. விளிம்பில் கல் பட்ட சிறு வெட்டுக்கூட உலோகச் சோர்வுக்குத் தொடக்கப் புள்ளி. வயர்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் கட்டியிருக்கும் குச்சி அலங்காரத்துக்கு இல்லை, அதிர்வை அடக்குவது அதுதான். தளர்ந்திருந்தால் உடனே கட்டுங்கள்.

வயர்களைப் போலவே முக்கியமானவை கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள். 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையருகே ஒரு டைகர் மாத்தின் இடது இறக்கை வானிலேயே பிரிந்து, இருந்த இருவரும் இறந்தனர். இரண்டு பக்கக் கீழ் இறக்கைகளின் அடியையும் உடலின் குறுக்கே இணைக்கும் டை ராடுகள் உலோகச் சோர்வால் முறிந்திருந்ததை விசாரணை கண்டது. பின்னாளில் மாற்றாகச் செய்து போட்டவை அவை. அறிவிக்கப்பட்ட ஆயுள் மணி முடிவதற்கு முன்பே போய்விட்டன. டைகர் மாத் வைத்திருப்பவர்கள் தங்கள் விமானத்தில் இருப்பது யார் செய்த ராடு, எந்த மணிக்கணக்கில் போட்டது, எந்தச் சான்றோடு வந்தது என்று இன்றைக்கே லாக் புக்கில் தேடிப் பார்க்க வேண்டும். மற்ற ரகங்களை வைத்திருப்பவர்களும் தங்கள் விமானத்தில் இதே வேலையைச் செய்யும் பாகம் எது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கையை விட்டால் விமானம் இடது பக்கம் சாய்கிறது. வயரை நானே திருகிச் சரிசெய்யலாமா?

ஒரு வயரை மட்டும் திருகாதீர்கள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று தளரும், இறக்கை முறுக்கிக்கொள்ளும். இறக்கைகளை அளந்து சரியான கோணத்தில் நிறுத்தும் ரிக்கிங்குக்கு ஒரு வரிசை உண்டு. காற்றில்லாத ஹேங்கரில் உடலை முன்பின்னும் பக்கவாட்டிலும் மட்டம் பார்த்து நிறுத்துவது. பிறகு நடு இறக்கைப் பகுதியைச் சமமாக நிறுத்துவது. லேண்டிங் வயரால் டைஹீட்ரல் (முனை நோக்கி இறக்கை மேலேறும் சாய்வு) வைப்பது. அப்புறம் மேல் கீழ் இறக்கைகளின் ஸ்டேகர் (ஒன்று மற்றதற்கு முன்னோ பின்னோ தள்ளியிருக்கும் அளவு), இன்சிடன்ஸ் (இறக்கை உடலோடு அமையும் கோணம்). கடைசியில்தான் பிளையிங் வயர்களின் இழுவிசை. ஒவ்வொரு கட்டத்திலும் இடதும் வலதும் ஒரே எண்ணா என்று அளந்து எழுதுங்கள். சாய்வை நீக்க அந்தப் பக்க இறக்கைக்குச் சற்று வாஷ்-இன் (முனைப் பக்கம் கோணத்தைக் கூட்டும் முறுக்கு) கொடுப்பது இறுதிக் கட்டத்தில், கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் மட்டும். இந்த வேலையை அந்த ரகத்தில் ஏற்கெனவே செய்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம். பல சமயம் காரணம் இறக்கையே இல்லை. பறக்கும்போது பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

ரேடியல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் ஏன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுகிறார்கள்?

ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி அமைந்திருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் கசிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும். ஆயில் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். அன்றைக்கு ஓடினாலும், இன்னொரு நாள் வானில் முறியும். அதனால் பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்து, அப்போதும் அது உயிரோடு இருப்பதாகவே கருதி, எல்லா சிலிண்டரும் ஒருமுறை அமுங்கும் அளவுக்குச் சுற்ற வேண்டும். கியர் இல்லாத எஞ்சினில், இரண்டு இதழ் புரொப்பெல்லர் என்றால் குறைந்தது நான்கு இதழ்கள்.

தடுத்தால் நிறுத்துங்கள். பலம் கொடுக்காதீர்கள், பின்னோக்கியும் சுற்றாதீர்கள். பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் இன்டேக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி சிலிண்டருக்குள் வரும். கீழ் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி வடிப்பது மட்டுமே சரியான வழி. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் போன்ற தலைகீழ் எஞ்சின்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

எந்த ஆயில்? எப்போது மாற்றுவது?

கையேடு சொல்லும் தரம். ஃபில்டர் இல்லாமல் வலை மட்டும் உள்ள எஞ்சினில் 25 மணிக்கு ஒரு முறை மாற்றுவது நல்ல பழக்கம். பல வருடம் சேர்க்கை இல்லாத மினரல் ஆயிலில் ஓடிய எஞ்சினுக்கு, கசடைப் பிரித்து மிதக்க வைக்கும் ஆஷ்லெஸ் டிஸ்பர்சென்ட் ஆயிலை ஊற்றினால் பழைய கசடு கரைந்து கிளம்பும். மாற்றுவதாக இருந்தால் முதல் சில மாற்றங்களைச் சீக்கிரமே செய்து, வலையை ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். சில பழைய ரேடியல்களில் ராக்கர் ஆர்ம்களுக்குக் கையால் கிரீஸ் ஊட்ட வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எந்தப் பெட்ரோல் போடுவது?

இந்த எஞ்சின்கள் குறைந்த ஆக்டேனுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஸ்டியர்மனில் உள்ள கான்டினென்டல் ஆர்-670இன் அமுக்க விகிதம் வெறும் 5.4. இன்று பரவலாகக் கிடைக்கும் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் பழைய 80/87 பெட்ரோலைப் போல நான்கு மடங்கு வரை ஈயம் இருக்கலாம். அது பிளக்கில் படியும், வால்வுத் தண்டிலும் ஒட்டும். பிளக்குகளை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வதும், கீழ்ப் பிளக்குகளை மேலே மாற்றிப் போடுவதும், தரையில் நீண்ட நேரம் ஐடிலில் விடாமல் இருப்பதும் உதவும்.

கார் பெட்ரோலுக்கு அமெரிக்காவில் துணை வகைச் சான்று (சான்று பெற்ற விமானத்தில் செய்யும் மாற்றத்துக்கான அங்கீகாரம்) மூலம் அனுமதி உண்டு. 1982இல் முதல் அனுமதி வந்தது. ஆனால் எத்தனால் கலந்தது கூடவே கூடாது. பழைய ரப்பரையும் சீலன்ட்டையும் அது கெடுக்கும். ஷெல்லாக் பூசிய கார்க் மிதவை இருந்தால் அந்தப் பூச்சையே கரைத்துவிடும். பங்கில் எழுதியிருப்பதை நம்பாமல், கண்ணாடிக் குழாயில் பெட்ரோலும் கொஞ்சம் நீரும் விட்டுக் குலுக்குங்கள். நீரின் மட்டம் உயர்ந்து தெரிந்தால் எத்தனால் இருக்கிறது.

சரி, எந்த மேம்படுத்தல்கள் உண்மையில் பயன் தரும்?

ஒவ்வொரு யோசனைக்கும் நான் கேட்கும் கேள்விகள் இவை: இது சட்டத்தின் மேல் விழும் பளுவை மாற்றுகிறதா? எடை எங்கே சேர்கிறது? பின்னால் வருபவர் இதைக் கழற்றிப் பழையபடி ஆக்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் தயங்க வேண்டாம்.

முதலிடம் தோள்பட்டையோடு கூடிய நல்ல சீட் பெல்ட்டுக்கு. பழைய பட்டைகளின் நெசவு வெயிலில் நைந்திருக்கும். புதியதைப் போடும்போது எங்கே கட்டுகிறோம் என்பதே முக்கியம். தோள்பட்டை முதுகுக்குப் பின்னால் மிகத் தாழ்வாகக் கட்டப்பட்டால், மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். பிடிமானம் சட்டத்தின் குழாய்ச் சந்திப்பில் இருக்க வேண்டும். இருக்கைப் பலகையில் அல்ல.

இரண்டாவது ஆயில் ஃபில்டர். ரேடியல்களுக்கு அனுமதி பெற்ற வெளி ஃபில்டர்கள் கிடைக்கின்றன. மாற்றும்போது பழையதை வெட்டித் திறந்து மடிப்புகளைப் பாருங்கள். எஞ்சின் தன் நோயை முதலில் சொல்வது அங்கேதான்.

ரேடியோவும் இன்டர்காமும் திறந்த காக்பிட்டில் மிகவும் தேவை. மேக்னெட்டோ இரைச்சலை அடக்க இக்னிஷன் வயர்களுக்கு உலோக உறை போட வேண்டிவரும். ஐரோப்பாவில் 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி ரேடியோ கட்டாயம் என்பதால் பழைய செட் பயன்படாது. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பல வான்பகுதிகளுக்கு ஏடிஎஸ்-பி (விமானம் இருக்கும் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவி) தேவை. எஞ்சினால் இயங்கும் மின்சார அமைப்பே இல்லாமல் சான்று பெற்ற விமானங்களுக்குச் சில வான்பகுதிகளில் விலக்கு உண்டு. ஜெனரேட்டர் போடும் முன் இந்த விலக்கை இழக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் டெயில் வீலும் கான்கிரீட் ஓடுதளத்தில் இறங்குபவர்களுக்கு அவசியம். டைகர் மாத்தில் ஆரம்பத்தில் பிரேக்கும் இல்லை, வாலில் சறுக்குக் கட்டைதான். கனடாவில் கட்டிய 82சி ரகத்தில் இரண்டும் வந்தன. ஆனால் வலுவான டிஸ்க் பிரேக் போட்ட பிறகு, கால் கனமானவர் மூக்கைத் தரையில் குத்திவிடலாம். புல்தரையில் மட்டும் பறப்பவர் சறுக்குக் கட்டையையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பெரிய எஞ்சின்?

போருக்குப் பின் ஏராளமான ஸ்டியர்மன்கள் 220 குதிரைத்திறனை விட்டு 450 குதிரைத்திறன் பிராட் அண்ட் விட்னியோடு பயிர்களுக்கு மருந்தடித்தன. ஸ்பெயினில் கட்டிய யுங்மன்கள் பல லைகமிங் எஞ்சினுக்கு மாறின. பாகம் கிடைக்காத எஞ்சினை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடை, மூக்கின் நீளம், பெட்ரோல் செலவு, கையாளும் தன்மை எல்லாம் மாறும். ஏற்கெனவே சான்று பெற்ற மாற்றத் திட்டம் இல்லாவிட்டால் வேண்டாம். பழைய எஞ்சினை எண்ணெய் பூசி, பெட்டியில் அடைத்து, விமானத்தோடேயே வைத்திருங்கள்.

பாகம் எங்குமே கிடைக்கவில்லை. செய்துகொள்ளலாமா?

அமெரிக்க விதி, சொந்தக்காரர் தன் விமானத்துக்குத் தானே பாகம் செய்விக்க இடம் தருகிறது. வரைபடம் தருவது, பொருளைத் தேர்வது, செய்முறை, தரக் கட்டுப்பாடு, மேற்பார்வை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது அவர் பங்கெடுத்திருக்க வேண்டும். ஆனால் வெப்பப் பதம் தேவைப்படும் எஃகு, புரி கடையும் ராடு போன்றவற்றை விமான வேலை தெரியாத பட்டறையில் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் விமானங்களில் பிஎஸ்எஃப், பிஏ என்ற பிரிட்டிஷ் திருகுப் புரிகள், ஜெர்மன் விமானங்களில் மெட்ரிக், அமெரிக்க விமானங்களில் ஏஎன் என்ற அமெரிக்க ராணுவத் தரம். கையில் இருக்கும் நட் ஏறிவிட்டது என்பதால் அது சரியான நட் ஆகிவிடாது.

பழைய கருவிகளில் ஆபத்து உண்டா?

உண்டு. இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய முகப்புகள் இப்போது ஒளிராமல் போயிருக்கலாம். ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பயர்வால், எக்ஸாஸ்ட் உறை, பிரேக் லைனிங் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம்.

மாதக்கணக்கில் பறக்க முடியாவிட்டால்?

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் தரையில் ஓட்டுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். ஆயில் சூடாகாமல் ஈரம் மட்டும் சேரும். நன்றாகப் பறந்து சூடாக்கி, ஆயிலை மாற்றி, சிலிண்டர்களில் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு நிறுத்துங்கள். மரப் புரொப்பெல்லரைக் கிடையாக நிறுத்துங்கள். செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ் இதழுக்கு இறங்கிச் சமநிலை கெடும். பருவம் மாறும்போது மரம் சுருங்கி விரியும் என்பதால் மறுபடி பறக்கும் முன் அதன் போல்ட் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

இறங்கும்போது விமானம் சுழன்று கீழ் இறக்கை முனை தரையில் உரசிவிட்டது. வெளியே கீறல் மட்டும்தான். பறந்து வீட்டுக்குப் போகலாமா?

போகக் கூடாது. முனையில் பட்ட இடி ஸ்பார் வழியாக ஸ்ட்ரட் பிடிமானத்துக்கும் அங்கிருந்து உடலுக்கும் போகிறது. முதலில் வயர்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. ஸ்ட்ரட் முனைகள், இறக்கை அடியின் போல்ட்டுகள், லேண்டிங் கியர் பிடிமானம், எதிர்ப்பக்க மேல் இறக்கை ஆகியவற்றையும் விடாதீர்கள். ஸ்பாரில் ஸ்ட்ரட் சேரும் இடத்தில் துணியைத் திறந்து, விளக்கைச் சாய்த்து, நசுங்கல் கோட்டைத் தேட வேண்டும். ஆய்வுத் துளை இல்லாத இடமாக இருந்தால் துணியை வெட்டி, ஒரு புது வளையமும் மூடியும் போட்டுக்கொள்ளலாம். புரொப்பெல்லரும் தட்டியிருந்தால் எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் ஆய்வு முடியும் வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம். எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும், எங்கெல்லாம் பார்த்தோம் என்று எழுதுங்கள். விமானத்தை லாரியில் கொண்டுபோக வேண்டியிருந்தால் இறக்கைகளைக் கழற்றும் முன் வயர்கள் ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டு கட்டி, எந்த முனை மேலே என்று குறித்துவிடுங்கள்.